பிக்கப் வண்டிக்கு வேறளவுள்ள டயர் மாட்டுதல்

நெல்லும் உரமும் தீவனமும் ஏற்றிச் செல்லும் பிக்கப் வண்டியை உடைய விவசாயிகள், டயர் தேய்ந்து மாற்றவேண்டிய காலம் வரும்போது, சற்றுப் பெரிய டயராகப் போட்டால் சேற்றில் வண்டி எளிதாக ஏறுமன்றோ என்று எண்ணுவதுண்டு. கடைக்காரரும் தம் கையிருப்பில் உள்ளதையே சிபாரிசு செய்வார். இம்மாற்றத்தில் சிறிது இலாபம் உண்டு, நஷ்டமும் உண்டு, சில சந்தர்ப்பங்களில் உயிருக்கே அபாயமும் உண்டு. ஆகையால் டயரின் பக்கச்சுவரில் அச்சிட்டிருக்கும் குறிகளை வாசிக்க அறிந்துகொள்ளல் முதற்கண் அவசியமாகும்.

215/75 ஆர் 15 என்னும் குறியை எடுத்துக்கொள்வோம். 215 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 75 என்பது பக்கச்சுவரின் உயரம் அவ்வகலத்தில் நூற்றுக்கு 75 பங்கு என்பதைக் காட்டும். ஆர் என்பது ரேடியல் அமைப்பு. 15 என்பது ரிம்மின் குறுக்களவு, அங்குலத்தில். அதாவது 381 மில்லிமீட்டர். பக்கச்சுவர் மேலும் கீழுமாக இருமுறை வருவதால், டயரின் முழுக் குறுக்களவு ஏறக்குறைய 703 மில்லிமீட்டர் ஆகிறது. இதற்குப் பதிலாக 235/75 ஆர் 15 மாட்டினால் குறுக்களவு 733 மில்லிமீட்டருக்குச் சற்று மேற்படும். வித்தியாசம் நூற்றுக்கு நாலேகால் பங்கு.

இதனால் விளைவது யாதெனில், வண்டியின் அடிப்பாகம் தரையினின்றும் 15 மில்லிமீட்டர் மட்டுமே உயரும்; ஓர் அங்குலம்கூட அன்று. வேகமானி 60 கிலோமீட்டர் என்று காட்டும்போது வண்டி, முன்னிருந்ததைக் காட்டிலும் இரண்டரைக் கிலோமீட்டர் அதிக வேகத்திற் செல்லும். சக்கரத்தின் ஆரை கூடுவதால் இஞ்சினின் இழுப்பு தரையிற் படும் வலிமை அதே விகிதத்திற் குறையும். பிரேக்கின் பிடிப்பும் அவ்வாறே. வாய்க்கால் கரையில் பாரத்துடன் ஏறவேண்டும் என்று பெரிய டயர் போட்டவர், ஏறும் சக்தியையே சிறிது இழக்கிறார் என்பது கவனிக்கத்தக்கது. அகன்ற டயர் ஈரமண்ணில் அவ்வளவாகப் புதையாது என்பது உண்மையே. அந்நன்மையை இந்த நஷ்டத்துடன் வைத்து நிறுத்துப் பார்த்தல் வேண்டும்.

ரிம்மின் அகலத்தையும் பார்க்கவேண்டும். 235/75 டயருக்கு 6 அங்குலத்திற்குக் குறையாத அகலமுள்ள ரிம் வேண்டும். ஐந்தரை அங்குல ரிம்மில் அதை அமர்த்துதல் தகாது.

எல்லாவற்றினும் முக்கியமானது பார எண். அளவுக்குறியை அடுத்து வரும் இவ்வெண்ணைப் பெரும்பாலோர் பார்ப்பதே இல்லை. 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும். 104 என்றால் 900. 106 என்றால் 950. 108 என்றால் 1,000. ஒரே அளவுள்ள டயரே 100 எண்ணுடனும் 106 எண்ணுடனும் கிடைக்கும். முன்னது விலை மலிவாக இருக்கக்கூடும். 75 கிலோ மூட்டைகள் இருபது ஏற்றினால் 1,500 கிலோ. அதில் 1,200 கிலோவைப் பின்னச்சு தாங்குவதாகவும், வண்டியின் சொந்த எடையில் 700 கிலோ அதன்மேல் விழுவதாகவும் கொண்டால், ஒவ்வொரு பின் டயருக்கும் 950 கிலோ வரும். 106 எண்ணுக்கு அதுவே எல்லை. 100 எண்ணுள்ள டயருக்கோ 150 கிலோ மிகை. மிகைப் பாரத்தால் பக்கச்சுவர் ஓயாமல் வளைந்து நிமிர்ந்து சூடேறும்; ரப்பரும் உள்ளிழைகளும் பிரியும்; கோடை நண்பகலில் தார்ச்சாலையில் திடீரென வெடிக்கும். வண்டியின் மேல் ஆட்களையும் ஏற்றிவரும் வழக்கமுள்ள இடங்களில் இதன் விளைவை விவரிக்கவேண்டுவதில்லை.

டிராக்டரின் பின் சக்கரம் பெரிதாக இருப்பதைக் கண்டு, பிக்கப் வண்டிக்கும் பின்னால் மட்டும் பெரிய டயர் போடலாம் என்பார் சிலர். நான்கு சக்கரமும் இழுக்கும் டிராக்டரில் முன் பின் அளவுகளுக்கு ஏற்பவே உள்ளே பற்சக்கரங்கள் அமைக்கப்பட்டுள்ளன. பிக்கப் வண்டியில் அவ்வமைப்பு இல்லை. நான்கு சக்கர இழுப்புள்ள பிக்கப்பில் முன்னும் பின்னும் அளவு மாறினால், கெட்டித் தரையில் பற்சக்கரங்கள் ஒன்றையொன்று முறுக்கிப் பழுதாகும். ஓர் அச்சின் இரு பக்கங்களிலும் வெவ்வேறு அளவு மாட்டுதல் எவ்வண்டிக்கும் ஆகாது.

இவற்றையெல்லாம் ஆராய்ந்த பின்னும் மாற்ற விரும்புவோர், ஓட்டுநர் கதவருகே ஒட்டியுள்ள தகட்டிலோ வண்டியின் கைப்புத்தகத்திலோ உற்பத்தியாளர் அனுமதித்துள்ள அளவுகளுக்குள்ளேயே தெரிந்தெடுக்கவேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. கூட்டுறவுச் சங்கங்களின் வண்டிகளைப் பராமரிக்கும் அலுவலர்கள் டயர் வாங்கும் பட்டியலில் அளவை மட்டுமன்றிப் பார எண்ணையும் எழுதுவித்தல் நலம். தயாரித்த தேதியும் டயரிலேயே உண்டு: 3521 என்றிருப்பின் 2021-ஆம் ஆண்டின் 35-ஆம் வாரம்.

மாட்டியபின் ஸ்டியரிங்கை இருபுறமும் கடைசிவரை திருப்பி, டயர் எங்கேனும் உராய்கிறதா என்று பார்க்கவேண்டும். வெறும் வண்டியில் பார்த்தது போதாது. பாரம் ஏற்றினால் வில்கள் தாழும். ஆகையால் மூட்டைகளை ஏற்றி மறுபடியும் பார்க்கவேண்டும். ஸ்டெப்னியும் அதே அளவாக இருத்தல் வேண்டும். பழைய அளவுள்ளதை வைத்திருந்து வழியில் மாட்டினால், மேலே கூறிய அச்சுக்கேடு அன்றே தொடங்கும்.