அமெரிக்காவில் மாமியார் வீடு, கணக்கில் பழைய ஓவர்ஸ்டே: நம்பிக்கைகளும் உண்மைகளும்

கணவரோ மனைவியோ அமெரிக்கர். குடித்தனம் லண்டனிலோ பாரிசிலோ சிங்கப்பூரிலோ நடக்கிறது. மாமியாருக்கு உடம்பு சரியில்லை, நாத்தனாருக்குக் கல்யாணம், போய்த் தலைகாட்டிவிட்டு வந்தாக வேண்டும். ஆனால் முன்பு ஒருமுறை விசா இல்லாமலே அமெரிக்கா போய், கொடுத்த 90 நாளைத் தாண்டித் தங்கிவிட்ட பழைய கதை ஒன்று இருக்கிறது. இப்படிப்பட்ட குடும்பங்களை இரண்டு பேச்சுகள் சுற்றிச் சுற்றி வருகின்றன. ‘கல்யாணம்தான் ஆகிவிட்டதே, இனி யார் கேட்கப் போகிறார்கள்’ என்பது ஒன்று. ‘ஒருமுறை ஓவர்ஸ்டே ஆகிவிட்டால் ஆயுளுக்கும் அமெரிக்காவை மறந்துவிட வேண்டியதுதான்’ என்பது இன்னொன்று. முதலாவதை நம்பியவர்கள் விமான நிலையத்திலிருந்தே திருப்பி அனுப்பப்படுகிறார்கள். இரண்டாவதை நம்பியவர்கள் விண்ணப்பமே போடாமல் கல்யாணத்தையும் கருமாதியையும் தவறவிடுகிறார்கள். எனக்கு இந்த இரண்டாவது கூட்டத்தார் மேல்தான் கவலை அதிகம். அவர்களை யாரும் தடுக்கவில்லை, தாங்களே நின்றுவிடுகிறார்கள்.

விசா இல்லாமலே போய்வர விடும் சலுகைக்குப் பெயர் விசா விலக்குத் திட்டம். அது இந்திய, இலங்கை, மலேசிய பாஸ்போர்ட்டுகளுக்குக் கிடையாது. 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தில் சோதனை முயற்சியாகப் பிறந்து, 2000-இல் நிரந்தரமானது. பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, நார்வே, டென்மார்க், ஆஸ்திரேலியா, சிங்கப்பூர் என்று நாற்பதுக்கு மேற்பட்ட நாடுகளின் குடிமக்களுக்கு இது உண்டு. அந்த நாடுகளில் குடியுரிமை வாங்கிய தமிழர்கள் கையில் இருப்பதும் அதே பாஸ்போர்ட்தான். 2009 ஜனவரி முதல், புறப்படுவதற்கு முன் இணையத்தில் ‘எஸ்டா’ அனுமதி வாங்குவது கட்டாயம். உள்ளே போனால் அதிகபட்சம் 90 நாள். நீட்டிக்க முடியாது.

‘நாலைந்து நாள்தானே, அதையெல்லாம் பார்க்க மாட்டார்கள்.’

பார்ப்பார்கள். குடியேற்றச் சட்டத்தின் 217-ஆம் பிரிவு, முன்பு இந்தச் சலுகையில் வந்து அதன் நிபந்தனையை மீறியவருக்குச் சலுகை மறுபடி கிடையாது என்கிறது. எத்தனை நாள் மீறினார் என்ற பேச்சே அதில் இல்லை. ஒரு நாளும் மீறல்தான், ஒரு வருஷமும் மீறல்தான். விமானம் ரத்தானது, ஆஸ்பத்திரியில் கிடக்க நேர்ந்தது போல நம் கையில் இல்லாத காரணத்தால் தாமதமானால் அதை மீறலாக எண்ணுவதில்லை என்று எல்லைக் காவல் துறையே சொல்கிறது. ஆனால் விமான நிறுவனத்தின் கடிதமோ ரத்தான போர்டிங் பாஸோ மருத்துவர் சான்றோ அடுத்த முறை கையில் இருக்க வேண்டும். கெடு முடியுமுன் தெரிந்துவிட்டால், 30 நாள்வரை அவகாசம் கேட்கவும் வழி இருக்கிறது. கேட்பவர்கள் குறைவு, இப்படி ஒன்று இருப்பது தெரியாததால்.

‘மூன்று வருஷம் பொறுத்தால் எஸ்டா திரும்பக் கிடைத்துவிடும்.’

இங்கேதான் குழப்பம் அதிகம். இரண்டு தனித்தனிக் கணக்குகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

முதல் கணக்கு, மேலே சொன்ன சலுகை இழப்பு. அதற்குக் காலவரம்பு இல்லை. மூன்று வருஷம் போனாலும் முப்பது வருஷம் போனாலும் எஸ்டாவில் போக முடியாது, விசா வாங்கித்தான் போக வேண்டும். இரண்டாவது கணக்கு, நாட்டுக்குள் நுழையவே தடை. 1996-இல் இயற்றிய சட்டத்தின்படி, அனுமதி முடிந்தபின் 180 நாளுக்கு மேல், ஒரு வருஷத்துக்குள் தங்கிவிட்டு வெளியேறினால் 3 வருஷத் தடை. ஒரு வருஷமோ அதற்கு மேலோ தங்கினால் 10 வருஷத் தடை. 1997 ஏப்ரல் 1-க்குப் பின் தங்கிய நாள்கள்தான் இதில் சேரும். 18 வயதாகும்வரை தங்கிய நாள்கள் சேராது.

தேதி போட்டுப் பார்த்தால் புரியும். பாஸ்போர்ட் முத்திரையில் மே 29 வரை என்று இருந்தது என்று வையுங்கள். மே 30-லிருந்து எண்ண வேண்டும். வந்த நாளிலிருந்து எண்ணுவதுதான் பலரும் செய்யும் தவறு. முதல் 90 நாள் முறைப்படியான தங்கல், அதைச் சேர்க்கவே கூடாது. நவம்பர் 20-இல் கிளம்பியவர் ஏறக்குறைய 175 நாள் மீறியிருக்கிறார். அவருக்கு எஸ்டா போய்விட்டது, ஆனால் நுழைவுத் தடை எதுவும் இல்லை. நாளைக்கே சுற்றுலா விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். அவரே டிசம்பர் 1 வரை இருந்திருந்தால் 180 தாண்டியிருக்கும், 3 வருஷத் தடை விழுந்திருக்கும். பத்துப் பதினோரு நாளில் அவ்வளவு வித்தியாசம். ஆகவே வேறு எதையும் செய்வதற்கு முன் பழைய பாஸ்போர்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு நாள் எண்ணுங்கள். தடைக்குப் பயந்து உட்கார்ந்திருப்பவர்கள் பலர் மீது அப்படி ஒரு தடையே இருக்காது.

‘அமெரிக்கரைக் கட்டிக்கொண்டால் பழையது எல்லாம் அழிந்துவிடும்.’

இதில் பாதி உண்மை இருப்பதால்தான் இது இவ்வளவு தூரம் பரவியிருக்கிறது. அமெரிக்கக் குடிமகனின் கணவரோ மனைவியோ, முறையாகச் சோதனை கடந்து நுழைந்தவர், நாட்டைவிட்டு வெளியே போகாமல் உள்ளேயிருந்தபடி கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்தால், ஓவர்ஸ்டே ஆகியிருப்பதை மட்டும் வைத்துத் தகுதி இல்லை என்று சொல்வதில்லை. அதுகூட அதிகாரியின் விருப்புரிமைக்கு உட்பட்டது. விசா விலக்கில் வந்தவர் நாடு கடத்தலை நீதிமன்றத்தில் எதிர்க்கும் உரிமையை, அடைக்கலம் கோருவது நீங்கலாக, நுழையும்போதே விட்டுக்கொடுத்திருக்கிறார். உள்ளேயே இருந்தவருக்கான இந்த வழியை, வெளியே வந்துவிட்டு விருந்தாளியாகத் திரும்பப் போக நினைப்பவர் தனக்கும் உண்டு என்று எடுத்துக்கொள்கிறார். 3 வருஷ, 10 வருஷத் தடைகள் நாட்டைவிட்டு வெளியேறும்போதுதான் அமலுக்கு வருகின்றன. அவற்றைக் கல்யாணச் சான்றிதழ் தானாக நீக்குவதில்லை. குடியேற்ற விசாவுக்குப் போகிறவர் மன்னிப்புக் கேட்டு விண்ணப்பிக்கலாம். ஆனால் பிரிவால் அமெரிக்கத் துணைவருக்கோ, அமெரிக்கரான பெற்றோருக்கோ கடுமையான துன்பம் நேரும் என்று அங்கே நிரூபிக்க வேண்டும். சும்மா போய்ப் பார்த்துவிட்டு வர நினைப்பவருக்கு அந்தப் பாதை பொருந்தாது.

‘புதுப் பாஸ்போர்ட், கல்யாணத்துக்குப் பின் புதுப் பெயர். எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?’

விசா விலக்கில் வருபவர்களிடம் 2004 செப்டம்பர் கடைசியிலிருந்து கைரேகை எடுக்கிறார்கள். பெயர் மாறலாம், விரல் மாறாது. விமானத்தில் புறப்பட்டவர்களின் பட்டியல் விமான நிறுவனத்திலிருந்து போகிறது. கனடாவுக்குத் தரைவழியாகப் போன வேற்று நாட்டவர் விவரத்தை இரு நாடுகளும் 2013 முதல் பரிமாறிக்கொள்கின்றன. ஆனால் நான் சொல்ல வந்தது மாட்டிக்கொள்வார்கள் என்பது மட்டும் இல்லை.

எஸ்டா படிவத்தில் ஒரு கேள்வி இருக்கிறது: அமெரிக்க அரசு அனுமதித்த காலத்தைத் தாண்டி எப்போதாவது தங்கியிருக்கிறீர்களா? ஆம், இல்லை என்று இரண்டே கட்டங்கள். விசா விண்ணப்பமான டிஎஸ்-160 படிவத்திலும் இதே கேள்வி வேறு சொற்களில் வரும். ‘ஆம்’ என்று குறித்தால் எஸ்டா கிடைக்காது, அவ்வளவுதான், விசாவுக்குப் போகலாம். ‘இல்லை’ என்று குறித்துப் பிடிபட்டால் அது ஓவர்ஸ்டே விவகாரமாக இருக்காது, பொய் சொல்லி அனுமதி பெற முயன்ற விவகாரமாகிவிடும். அதற்கு 3 வருஷம், 10 வருஷம் என்ற கெடுவே கிடையாது. ஆயுள் முழுக்க ஒட்டிக்கொள்ளும். இருபது நாள் கூடுதலாகத் தங்கியதற்கு எந்தத் தடையும் இல்லாத ஒருவர், அதை மறைக்கப் போய் ஆயுள் தடையைத் தேடிக்கொள்வதைவிட வருத்தமான காரியம் இதில் இல்லை. தயவுசெய்து அந்தக் கட்டத்தில் உண்மையைக் குறியுங்கள்.

சிலருக்கு எப்படியோ எஸ்டா வந்துவிடுகிறது. அதை நம்பி டிக்கெட் போடக் கூடாது. எஸ்டா என்பது விமானம் ஏற அனுமதி. நுழைய அனுமதிப்பவர் இறங்குமிடத்து அதிகாரி. அவர் மறுத்தால் அடுத்த விமானம்தான், மேல்முறையீடு இல்லை. அதுபோலவே, எஸ்டா மறுக்கப்பட்டவர் நாட்டுக்குள் வரவே தடை செய்யப்பட்டவர் என்பதும் தவறு. விசா வாங்கி வா என்பதற்கு மேல் அதற்கு அர்த்தம் இல்லை.

‘அமெரிக்கத் துணைவர் இருப்பவருக்குச் சுற்றுலா விசா கொடுக்கவே மாட்டார்கள்.’

கொடுக்கிறார்கள். ஆனால் கேட்பவர் கையில்தான் பாரம் இருக்கிறது. 214(b) பிரிவின்படி, சுற்றுலா விசா கேட்கும் எவரையும் அங்கேயே குடியேற வருபவர் என்றே அதிகாரி எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லை என்று காட்டுவது நம் பொறுப்பு. அமெரிக்கத் துணைவர் இருந்தால் அந்தச் சந்தேகம் கூடும், பழைய ஓவர்ஸ்டே இருந்தால் இன்னும் கூடும். ஆனாலும் சட்டத்தில் எங்கும் தடை என்று எழுதவில்லை.

லண்டனில் ஹாரோ பக்கம் குடியிருக்கும் ஒரு தமிழ்ப் பெண், ஒஹையோக்காரக் கணவர் என்று வைத்துக்கொள்வோம். நைன் எல்ம்ஸில் உள்ள தூதரகத்தில் ஜன்னலுக்கு முன் நிற்கும் நேரம் சில நிமிஷம்தான். கோப்பு நிறையக் காகிதம் கொண்டுபோனாலும் அதிகாரி கேட்டால்தான் எடுக்க முடியும். எதற்குப் போகிறீர்கள், எத்தனை நாள், அன்று ஏன் கூடுதலாகத் தங்கினீர்கள் என்று கேட்பார். ‘நாத்தனார் கல்யாணம், இரண்டு வாரம். அப்போது நாள் கணக்கைத் தவறாக எண்ணி 23 நாள் கூடுதலாக இருந்துவிட்டேன். அதனால்தான் விசா கேட்டு வந்திருக்கிறேன்’ என்று மூன்று வரியில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். இந்தப் பெண்ணுக்கு இருக்கும் பெரிய பலம், கணவரும் லண்டனிலேயே வேலை பார்ப்பது. வீட்டுக் கடன், இருவரின் வேலை, பிள்ளையின் பள்ளிக்கூடம் எல்லாம் இங்கே இருக்கின்றன, திரும்பி வரத்தான் காரணம் அதிகம். கணவர் ஒஹையோவிலேயே இருந்து, மனைவி மட்டும் இங்கே தனியாக இருந்தால் கதை வேறு. அவர்கள் குடியேற்ற விசாவுக்கு நேராகப் போவதே மேல் என்று நினைக்கிறேன். மறுத்தால் 185 டாலர் கட்டணம் திரும்ப வராது, ஆனால் நிலைமை மாறியபின் மறுபடி விண்ணப்பிக்கத் தடை இல்லை.

3 வருஷமோ 10 வருஷமோ தடை இருப்பவருக்கும் பார்வையாளராகப் போக ஒரு விலக்கு இருக்கிறது. அதிகாரி பரிந்துரைக்க வேண்டும், எல்லைக் காவல் துறை ஒப்ப வேண்டும், மாதக்கணக்கில் ஆகும். எப்படித் தீர்மானிப்பது என்பதை 1978-இல் குடியேற்ற மேல்முறையீட்டு வாரியம் ஹ்ரான்கா வழக்கில் சொன்னது: வந்தால் சமூகத்துக்கு என்ன கேடு, செய்த மீறல் எவ்வளவு கடுமை, வர விரும்பும் காரணம் என்ன. காரணம் தலைபோகிற காரணமாக இருக்கத் தேவையில்லை என்றும் சொன்னது. அந்த வழக்கில் உறவினர்களைப் பார்க்க வர விரும்பியவர் நாடு கடத்தப்பட்டவர். அவருக்கே அனுமதி கிடைத்தது. ஆனால் 214(b) சந்தேகத்தை இந்த விலக்கு தீர்க்காது, அதைத் தனியாகத் தாண்ட வேண்டும். இந்த நிலையில் இருப்பவர்கள் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரைப் பார்த்துவிட்டுத்தான் படிவத்தைத் தொட வேண்டும்.

கனடாவுக்கோ மெக்சிகோவுக்கோ ஒரு எட்டுப் போய்த் திரும்பினால் 90 நாள் புதிதாக ஆரம்பிக்கும் என்ற நம்பிக்கை பல ஓவர்ஸ்டேக்களின் மூலக்கதை. அங்கே வசிப்பவராக இல்லாவிட்டால் பழைய கெடுவே தொடரும். இதற்கு நேர்மாறாக, நேரத்துக்குக் கிளம்பியும் தரைவழியாகப் போனதால் பதிவாகாமல் ஓவர்ஸ்டே என்று காட்டப்படுபவர்களும் உண்டு. பழைய நுழைவு முத்திரை, சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு என்று அன்று வேறு நாட்டில் இருந்ததைக் காட்டும் எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

மரணம், அவசரச் சிகிச்சை என்றால் நேர்காணலை முன்கூட்டித் தரும்படி கேட்கலாம். கல்யாணத்துக்கு அந்த ஏற்பாடு இல்லை, அதனால் முகூர்த்தம் குறித்ததும் விண்ணப்பத்தைப் போட்டுவிட வேண்டும். விசா கிடைத்தபின் இன்னும் ஒன்று. பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டுக்குப் பத்து வருஷ விசா ஒட்டலாம். அது அத்தனை வருஷம் வந்துபோக அனுமதி, தங்க அனுமதி அல்ல. தங்கும் கெடு ஐ-94 என்ற வருகைப் பதிவில் இருக்கும். இறங்கிய அன்றே எல்லைக் காவல் துறையின் இணையதளத்தில் அதைத் திறந்து தேதியைப் பார்த்து, அமெரிக்கத் துணைவரின் போனிலும் குறித்துவையுங்கள். அந்தத் தேதியைத் தாண்டினால் கையில் உள்ள விசா அந்த நிமிஷமே செல்லாததாகிவிடும்.