தன்வெப்பம்

மாணவர்களே! ஒத்த எடையுள்ள நீருக்கும் இரும்புக்கும் ஒரே அளவு வெப்பத்தைக் கொடுத்தால், இரண்டும் ஒரே சூட்டை எய்துமோ? எய்தா. இரும்பு கையைச் சுடும். நீரோ வெதுவெதுப்பாகவே இருக்கும்.

எடை மிகுந்தால் பொருள் கொள்ளும் வெப்பமும் அதற்கேற்ப மிகும் என்றே முன்பு அறிஞர் பலர் எண்ணினர். பாதரசம் நீரினும் பதின்மூன்று மடங்குக்கு மேல் கனமானது. ஆயினும், ஒத்த பருமனுள்ள நீரைச் சூடேற்றுதற்குரிய வெப்பத்தில் பாதியும் அதற்கு வேண்டுவதில்லை. 1760ஆம் ஆண்டையொட்டி இதனை ஆராய்ந்து, வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு எனத் தெளிவித்தார், கிளாஸ்கோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோசப் பிளாக்.

ஒரு கிராம் நீரின் வெப்பநிலையை ஒரு செல்சியஸ் பாகை உயர்த்த 1 கலோரி வேண்டும். இரும்புக்கு ஏறத்தாழ 0.11 கலோரி போதும். இவ்வளவையே அவ்வப் பொருளின் தன்வெப்பம் என்பர். எடை, தன்வெப்பம், வெப்பநிலை உயர்வு ஆகிய மூன்றையும் பெருக்கினால், பொருள் கொண்ட வெப்பம் கிட்டும். 100 கிராம் நீரை 30 பாகையினின்று 80 பாகைக்கு உயர்த்த 5,000 கலோரி வேண்டும். அதே எடையுள்ள இரும்புக்கோ 550 கலோரியே. இக்காலத்தார் ஜூல் என்னும் அலகை ஆள்வர். 1 கலோரி ஏறத்தாழ 4.2 ஜூல் ஆகும்.

ஆகவே, வெப்பமானி காட்டும் எண்ணை மட்டும் கண்டு, பொருளிலுள்ள வெப்பத்தை மதிப்பிடுதல் தகாது. நெடுநாள் நம்பிக்கையாயினும், அதனைச் சோதித்துப் பார்த்தே கொள்ளுதல் அறிவுடைமையாம்.