வகுப்பு வாசலில் அரை நிமிடம்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையைத் தூத்துக்குடி மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. தாமிரபரணி கரை மீறி ஆழ்வார்திருநகரிப் பகுதிக்குள்ளும் புகுந்தது. பள்ளி திறந்தபோது புத்தகப்பை போனவர்கள், ஆடு போனவர்கள், இரவு முழுக்க மொட்டை மாடியில் நின்றவர்கள் என ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கதையோடு வந்தது. எல்லாவற்றையும் கேட்டேன். கேட்பதும் நம் வேலைதானே. என் வீட்டிலும் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றதை யாரிடமும் சொல்லவில்லை.

ஜனவரி இறுதியில், ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவன் மூன்றாவது முறையாக நோட்டு இல்லாமல் வந்து நின்றான். "ஏலே, எத்தன நாளைக்கு இதையே சொல்லுவ?" என்று கத்திவிட்டேன். அவன் நோட்டுகள் வெள்ளத்தில் போனவை. இழந்தவர்கள் பட்டியலில் அவன் பெயரை எழுதியதே நான்தான். ஒரு வாரம் அவன் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அதன் பிறகுதான் இதைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். பிறர் துயரைத் தொடர்ந்து சுமக்கும் செவிலியர், சமூகப் பணியாளர், ஆசிரியர் ஆகியோருக்கு வரும் இந்நிலையைப் பரிவுச் சோர்வு என்கிறார்கள். பணிச்சோர்வை ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக் அதற்கு மூன்று முகங்கள் உண்டு என்றார்: உள்ளம் வற்றிப்போவது, எதிரில் இருப்பவரை ஆளாகப் பார்க்காமல் தொல்லையாகப் பார்ப்பது, செய்த வேலையால் பயனில்லை என்று தோன்றுவது. இரண்டாவதைப் படித்தபோது அந்த மாணவன் முகம்தான் நினைவுக்கு வந்தது.

மைண்ட்ஃபுல்னெஸ் எனப்படும் கவனப் பயிற்சியை மருத்துவமனைக்குள் கொண்டுவந்தவர் ஜான் கபாட்-ஜின். 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில், நாள்பட்ட வலியுள்ளவர்களுக்காக ஒரு வகுப்பைத் தொடங்கினார்; பின்னர் அது எட்டு வார வகுப்பாக அமைந்தது. மனத்தை வெறுமையாக்குவது இதன் நோக்கமன்று. இந்த நொடியில் உடலிலும் மனத்திலும் நடப்பதை, நல்லது கெட்டது என்று தீர்ப்புச் சொல்லாமல் கவனிப்பது, அவ்வளவே.

எட்டு வாரம் நமக்கு எங்கே கிடைக்கும்? எமிஸ் பதிவு முடிப்பதற்குள்ளேயே முதல் பாடவேளை பாதி போய்விடுகிறது. நான் செய்வது இதுதான். ஒரு வகுப்பு முடிந்து அடுத்த வகுப்புக்கு நடக்கும்போது பாதம் தரையில் படுவதை மட்டும் கவனிக்கிறேன். வாசலில் நின்று மூன்று முறை மூச்சை மெல்ல விடுகிறேன். தோள் இறுகியிருக்கிறதா, எரிச்சல் இருக்கிறதா என்று பார்க்கிறேன். இருந்தால், 'எரிச்சல் இருக்கிறது' என்று மனத்துக்குள் சொல்லிவிட்டு உள்ளே போகிறேன். எரிச்சல் போய்விடுவதில்லை. ஆனால் அது என்னுடையது, பிள்ளையுடையதல்ல என்பது தெரிகிறது.

பிப்ரவரியில் அந்த மாணவனைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல டீச்சர்" என்றான். பிறகு மாடியில் நின்ற கதையை முதலிலிருந்து மறுபடி சொன்னான்.

இதனால் பயன் உண்டா என்று கேட்பவர்களுக்கு: நியூயார்க் நகரில் 36 தொடக்கப் பள்ளிகளின் 224 ஆசிரியர்களிடம் நடந்த ஆய்வு 2017இல் வெளியானது. பயிற்சி பெற்றவர்களின் மன உளைச்சல் குறைந்தது; வகுப்பறையில் அவர்கள் தந்த அரவணைப்பும் மேம்பட்டது. மறுபுறம், பிரிட்டனில் 85 பள்ளிகளில் மாணவர்களுக்கு இதைக் கற்பித்துப் பார்த்த ஆய்வின் முடிவுகள் 2022இல் வந்தன. மாணவர்களின் மனநலத்தில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை. கற்பித்த ஆசிரியர்களின் சோர்வு முதலில் குறைந்தது. ஓராண்டில் அந்தப் பலனும் பெரும்பாலும் மங்கிவிட்டது. எனவே பிள்ளைகளை உட்காரவைத்துக் கண்ணை மூடச் சொல்லும் முன் நாம் செய்து பழகுவோம், விடாமல்.

ஒன்று கவனிக்கவும். வெள்ளத்தைக் கண்டவர்களுக்குக் கண்ணை மூடினால் தண்ணீர்ச் சத்தம் திரும்பி வரலாம். என்னுடன் பயிற்சி செய்த சக ஆசிரியை ஒருவருக்கு அப்படித்தான் ஆயிற்று. கண்ணைத் திறந்தபடி, கையிலிருக்கும் சுண்ணக்கட்டியையோ சன்னலுக்கு வெளியே உள்ள மரத்தையோ பார்த்துக்கொண்டு செய்யலாம். ஆசிரியர் பற்றாக்குறையையும் பதிவேட்டுச் சுமையையும் மூச்சுப் பயிற்சி தீர்க்காது. அவற்றைக் கூட்டங்களில் பேசித்தான் ஆகவேண்டும். உறக்கமின்மை வாரக்கணக்கில் நீடித்தால் டெலிமானஸ் எண் 14416ஐ அழையுங்கள். கட்டணமில்லை, எந்த நேரத்திலும் தமிழிலேயே பேசலாம்.