பழைய சார்ஜர் பெட்டி வாங்கும் முன்

பழைய பொருளைப் பார்த்து வாங்குவதில் நம் வணிகர்கள் கைதேர்ந்தவர்கள். பழைய தராசு என்றால் முத்திரையைப் பார்ப்போம். பழைய பிரிட்ஜ் என்றால் கம்ப்ரசர் சத்தத்தைக் காதுகொடுத்துக் கேட்போம். இப்போது மின்சாரக் கார் வாங்கும் உறுப்பினர்கள் பெருகி வருகிறார்கள். சுவரில் மாட்டும் சார்ஜர் பெட்டி பாதி விலைக்குக் கிடைத்தால் வாங்கலாமா என்று அவர்களில் சிலர் கேட்கிறார்கள். வாங்கலாம், ஆனால் பார்த்து வாங்க வேண்டும்.

நம்மில் பலருக்குக் கீழே கடை, மேலே குடும்பம். கடையில் எண்ணெய் டின், சாக்கு, அட்டைப்பெட்டி, கற்பூரம் எல்லாம் இருக்கும். எல்லோரும் உறங்கும் நேரத்தில் அந்தச் சுவரில் ஓடப்போகிற பெட்டி இது. எனவே விலையைப் பேசும் முன் கீழ்க்கண்டவற்றைத் தெரிந்துகொள்வோம்.

1. நம் காருக்கு எவ்வளவு தேவை?

வீட்டில் மாட்டும் ஏசி பெட்டி உண்மையில் ஒரு காவலாளியைப் போன்றது. லைனைச் சோதித்து, மின்சாரத்தைக் காருக்குள் விடுவதுதான் அதன் வேலை. பேட்டரிக்கு ஏற்ப மின்சாரத்தை மாற்றும் உண்மையான சார்ஜர் காருக்குள்ளேயே இருக்கிறது. காரில் இருப்பது 3.3 கிலோவாட் என்றால், சுவரில் 7.2 கிலோவாட் பெட்டி மாட்டினாலும் 3.3தான் ஏறும்.

இரவு 10 மணிக்குக் கடை அடைத்து, காலை 6 மணிக்கு மார்க்கெட்டுக்குக் கிளம்புகிறோம் என்று வைத்துக்கொள்வோம். இடையில் 8 மணி நேரம். 3.3 கிலோவாட் வீதம் 26 யூனிட் மின்சாரம் போகும். 2022-இல் வெளிவந்த டாடா டியாகோ மின்சாரக் காரின் பெரிய பேட்டரியே 24 யூனிட்தான். சார்ஜ் ஆகும்போது ஏற்படும் சேதாரத்தைக் கழித்தாலும் ஏறக்குறைய நிரம்பிவிடும். தினமும் பேட்டரியைக் காலி செய்பவர்களும் நம்மில் குறைவு.

இன்னொரு கணக்கும் உண்டு. "11 கிலோவாட், மலிவு" என்று ஒரு பெட்டி வரும். அது மூன்று பேஸிலும் 16 ஆம்பியர் வீதம் தருவது. நம் காரின் சார்ஜர் ஒற்றை பேஸ் வகை என்றால் ஒரு பேஸை மட்டுமே எடுக்கும். கிடைப்பது சுமார் 3.7 கிலோவாட். பெரிய எண்ணுக்குப் பணம் கொடுத்து, 7.2 பெட்டி தருவதில் பாதியைத்தான் பெறுவோம்.

2. நம் லைன் தாங்குமா?

3.3 கிலோவாட்டுக்கு சுமார் 15 ஆம்பியர், 7.2 கிலோவாட்டுக்கு சுமார் 32 ஆம்பியர். ஒரே வயரில் மின்னோட்டம் இரட்டித்தால் சூடு நான்கு மடங்காகும். அரைமணி நேரம் ஓடும் கிரைண்டரைத் தாங்கும் வயர், இரவு முழுவதும் இதைத் தாங்கும் என்று நம்ப முடியாது. 32 ஆம்பியர் பெட்டிக்கு மீட்டர் பலகையிலிருந்து தனி லைன் வேண்டும். 6 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத செம்பு வயரும், அதற்கேற்ற எம்சிபியும் வேண்டும். தூரம் அதிகம் என்றால் வயரின் கனமும் கூட வேண்டும். அனுமதிக்கப்பட்ட மின்பளு போதுமா, வீட்டு இணைப்பில் மாட்டுவதா, கடை இணைப்பில் மாட்டுவதா என்பதை மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

3. கசிவுக் காப்பு இருக்கிறதா?

உயிர் காப்பது இதுதான். காரில் கோளாறு ஏற்பட்டால் டிசி மின்சாரமும் கசியக்கூடும். அப்போது வீட்டில் மாட்டியிருக்கும் சாதாரண ஆர்சிசிபி குருடாகிவிடும். விழ வேண்டிய நேரத்தில் விழாது. ஆகவே பெட்டிக்குள்ளேயே 6 மில்லி ஆம்பியர் டிசி கசிவை உணரும் அமைப்பு இருக்க வேண்டும். அதனுடன் வெளியே 'டைப் ஏ' ஆர்சிசிபி மாட்ட வேண்டும். அந்த அமைப்பு இல்லாத பெட்டி என்றால் வெளியே 'டைப் பி' ஆர்சிசிபி மாட்டியாக வேண்டும். அதன் விலை அதிகம். அதையும் சேர்த்துப் பார்த்தால் 'மலிவுப் பெட்டி' புதியதைவிட விலை கூடிவிடலாம்.

எர்த் சரியில்லை என்றால் நல்ல பெட்டி சிவப்பு விளக்கைக் காட்டி நின்றுவிடும். அப்போது நியூட்ரலையும் எர்த்தையும் இணைத்து ஏமாற்றிவிடும் வேலையாட்கள் உண்டு. தயவுசெய்து அதற்கு இடம் கொடுக்க வேண்டாம். நியூட்ரல் வயர் அறுந்தால் காரின் உடம்பிலேயே மின்சாரம் வந்துவிடும். காலையில் கதவைத் தொடுவது நம் வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம்.

4. நேரில் பார்க்க வேண்டியவை

பிளக்கின் முனைகளில் கருகல், உருகல், பச்சை பூத்தல் இருந்தால் வேண்டாம். நம் நாட்டுக் கார்களுக்கு ஏழு முனை கொண்ட 'டைப் 2' பிளக் தேவை. வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டியில் ஐந்து முனை கொண்ட 'டைப் 1' இருக்கலாம். கேபிளில் வெடிப்போ, டேப் சுற்றிய ஒட்டோ கூடாது. விற்பவர் இடத்திலேயே நம் காரை ஒரு மணி நேரம் சார்ஜ் போட்டு, பிறகு பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை, கை வைக்க முடியாத சூடு என்றால் திரும்பிவிடுங்கள்.

செல்போன் செயலியோடு இயங்கும் பெட்டி என்றால், விற்பவர் தம் கணக்கிலிருந்து அதை விடுவித்துத் தர வேண்டும். இல்லாவிட்டால் பூட்டு நம்மிடம், சாவி அவரிடம் என்றாகிவிடும். செயலி இல்லாமலும் பெட்டி வேலை செய்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. செய்த நிறுவனமே பின்னாளில் தொழிலை மூடிவிடலாம்.

கடைசியாக ஒன்று. அசல் பில்லையும் மாடல் எண்ணையும் கேட்டு வாங்குங்கள். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டு மாட்டி, அவரிடம் ரசீது பெற்று, கடையின் தீ இன்சூரன்ஸ் பாலிசியோடு சேர்த்து வையுங்கள். புதிய லைன் போட்ட விவரத்தை இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் எழுதித் தெரிவித்துவிடுங்கள்.

பெட்டியில் மிச்சம் பிடித்த பணத்தை வயரிலும் எர்த்திலும் போட்டால் அது நல்ல வியாபாரம். எல்லாவற்றிலும் மிச்சம் பிடிக்க நினைத்தால், கடையையே முதலாக வைத்து ஆடும் சூதாட்டமாகிவிடும். நாம் வியாபாரிகள், சூதாடிகள் அல்லர்.