மருமகளுக்கு ஒரு லெப்டொப்

அன்பு மகளுக்கு,

உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவை எடுத்து, தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பத்தையும் ஒரு பாடமாக வைத்திருக்கிறாய் என்று உம்மா சொன்னார். லெப்டொப் வாங்க வாப்பா கட்டாரிலிருந்து காசு அனுப்பியிருக்கிறார், ஆளுக்கொன்று சொல்கிறார்கள், மாமா நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தாய்.

மாடல் பேருக்குப் போகுமுன் அடுத்த இரண்டு வருடத்தில் அதில் நீ என்ன செய்யப்போகிறாய் என்று பார்ப்போம். பைதன் எழுதுவாய். வெப் பக்கம் ஒன்று கட்டுவாய், சின்னத் தரவுத்தளம் ஒன்றை உருவாக்கிப் பார்ப்பாய். ஸூமில் ரியூஷன் இருக்கும். கடந்தகால வினாத்தாள்கள், கல்வி வெளியீட்டுத் திணைக்களம் இணையத்தில் போட்டிருக்கும் பாடநூல்கள், தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டிகள் எல்லாம் பிடிஎஃப்பாக வரும். இவ்வளவுதான். இதில் எதற்கும் தனி கிராஃபிக்ஸ் கார்ட் தேவையில்லை. அதைக் கேட்பது உன் பாடத்திட்டம் இல்லை, உன் தம்பியின் கேம்.

புதிதா, பாவித்ததா என்பதுதான் அடுத்த கேள்வி. குறைந்த விலையில் புதிதாகக் கிடைப்பவற்றில் பல, செலரோன் புரொசசரும் 4 ஜிபி ரேமும் போட்டவை. சிலதில் சேமிப்பிடம் 64 ஜிபிதான், அதுவும் மதர்போர்டோடு ஒட்டியது. பெட்டி பளபளக்கும். ஸூமோடு சேர்த்து பிரவுசரில் நாலு பக்கம் திறந்தால் மூச்சு வாங்கும். கிட்டத்தட்ட அதே காசுக்கு, வெளிநாட்டு அலுவலகங்கள் சில வருடம் பாவித்துவிட்டுக் கழித்த லெனோவோ திங்க்பேட், டெல் லட்டிடியூட், எச்பி எலைட்புக் போன்றவற்றைப் பார்க்கலாம். நாள் முழுக்கத் தட்டி வேலை செய்கிறவர்களுக்காகச் செய்யப்பட்டவை அவை. கீபோர்ட் உறுதியானது. பெரும்பாலானவற்றில் அடிமூடியைக் கழற்றி ரேமையும் எஸ்எஸ்டியையும் மாற்றலாம். என் வாக்கு பாவித்ததற்குத்தான்.

ஆனால் அதில் ஒரு கண்ணி இருக்கிறது. விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஓட வேண்டுமானால், இன்டெல் கோர் வகைப் புரொசசர் 8ஆம் தலைமுறையிலிருந்து மேலே இருக்க வேண்டும். பழைய மெஷின்கள் மலிவாகச் சந்தைக்கு வருவதற்கு இதுவும் ஒரு காரணம். தலைமுறையைக் கண்டுபிடிப்பது லேசு: ஐ5 என்பதற்குப் பின்னால் வரும் இலக்கத்தைப் பார். 6300 என்றால் 6ஆம் தலைமுறை, 8250 என்றால் 8ஆம் தலைமுறை, 1135 என்றால் 11ஆம் தலைமுறை. பழையதிலும் விண்டோஸ் 11 போட்டுத் தருகிறேன் என்று கடைக்காரர் சொல்வார். போடலாம்தான், ஆனால் அந்த வழிக்கு மைக்ரோசொஃப்ட் பொறுப்பில்லை. ஐ7 என்று கேட்டதும் சொக்கிப்போகவும் வேண்டாம். 2017இல் 8ஆம் தலைமுறை வந்தபோது இந்த மெல்லிய லெப்டொப்களின் ஐ5 புரொசசரில் கோர்கள் இரண்டிலிருந்து நாலாயின. அதனால் 6ஆம் தலைமுறை ஐ7ஐவிட 8ஆம் தலைமுறை ஐ5 உனக்கு நல்லது. ரேம் 8 ஜிபி, எஸ்எஸ்டி 256 ஜிபி. இதற்குக் கீழே இறங்காதே.

வாப்பா கட்டாரிலிருந்தே வாங்கி வருவதாக இருந்தால் இந்த இலக்கங்களை அவருக்கு அனுப்பிவிடு. சார்ஜரில் 100–240 வோல்ட் என்று இருந்தால் இங்கே அப்படியே குத்தலாம், அங்குள்ள மூன்று சதுரக் கால் பிளக்தான் இப்போது நம் நாட்டு நியமமும். விசைகளில் அரபு எழுத்தும் இருக்கும், அது ஒரு குறையில்லை. வாரண்டி அந்த நாட்டுக்கு மட்டுமா என்பதைத்தான் கேட்க வேண்டும். கொழும்பு யூனிட்டி பிளாசா கம்பியூட்டர் கடைகளுக்கும் இதே கேள்விதான். கொஞ்சம் மலிவாகக் கிடைக்கலாம், ஆனால் பழுது என்றால் இரவு பஸ் ஏறித் திரும்பப் போக வேண்டியது உன் காக்கா. கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ ஆறு மாதப் பொறுப்பை எழுத்தில் தருகிற கடை இருந்தால், சில ஆயிரம் கூடக் கொடுத்தாலும் நட்டமில்லை.

பெட்டரியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணிநேரம் கரண்ட் வெட்டினார்கள், உனக்கும் ஞாபகம் இருக்கும். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்துக்குள் ஒரு குரங்கு புகுந்ததில் நாடே இருண்டது. குரங்கோடு யாரும் ஒப்பந்தம் போட முடியாது, அதனால் பெட்டரி நன்றாக இருக்க வேண்டும். பாவித்த லெப்டொப்பில் முதலில் தேய்ந்திருப்பது பெட்டரிதான். விண்டோஸிலேயே பெட்டரி அறிக்கை எடுக்கலாம். புதிதாக இருந்தபோது இருந்த கொள்ளளவும் இப்போது முழுதாக ஏறும் அளவும் அதில் பக்கத்தில் பக்கத்தில் வரும். பாதிக்குக் கீழே என்றால் புது பெட்டரியின் விலையைக் கழித்துக் கேள். கடையிலேயே சார்ஜரைக் கழற்றிவிட்டு அரை மணி நேரம் ஒரு வீடியோவை ஓடவிடு. அவசரப்படுத்துகிறவரிடம் வாங்காதே.

திரையில் 1366க்கு 768 என்று இருந்தால் விடு, 1920க்கு 1080 பார். போட்டோகொப்பியை ஸ்கேன் பண்ணிய வினாத்தாளில் தமிழ் எழுத்தின் புள்ளி தெரியாவிட்டால் படித்துப் பயனில்லை. பழைய ரியூஷன் டியூட்களில் பல இன்னும் பாமினி எழுத்துருவில் அடித்தவை. அந்த எழுத்துரு இல்லாத மெஷினில் தமிழெல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். பாமினியைப் போட்டு வை, ஆனால் நீ எழுதுவதை யூனிகோட்டில் எழுது. பாமினி விசை ஒழுங்கிலேயே யூனிகோட் அடிக்க இலவச மென்பொருள் இருக்கிறது. கிராக் பண்ணிய ஆபிஸ் வேண்டாம், அதோடு வைரசும் வரும். லிப்ரே ஆபிஸ் இலவசம், உனக்கு அது போதும்.

இன்னொரு விசயம், இது உம்மாவும் படிக்கட்டும். ருமேனியாவில் அரசாங்கம் வருமானம் குறைந்த குடும்பங்களுக்குக் கம்பியூட்டர் வாங்க 200 யூரோ கூப்பன் கொடுத்தது. கூப்பன் கிடைத்த வீடுகளையும் மயிரிழையில் தவறவிட்ட வீடுகளையும் ஒஃபர் மலமுட், கிறிஸ்டியன் பொப்-எலக்கஸ் என்ற இரு பொருளியலாளர்கள் ஒப்பிட்டு 2011இல் வெளியிட்டார்கள். கம்பியூட்டர் வந்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் கம்பியூட்டர் கைவந்தது, ஆனால் பள்ளிப் புள்ளி குறைந்தது. பெரும்பாலும் கேம்தான் ஓடியிருக்கிறது. வீட்டுப்பாடம் செய்வதற்குக் கட்டுப்பாடு வைத்த வீடுகளில் அந்தப் பாதிப்புக் குறைவாகத் தெரிந்தது. ஆகவே லெப்டொப் ஹோலில் இருக்கட்டும், அறைக்குள் போக வேண்டாம். உயர்தரப் பரீட்சையில் பைதனைக்கூடப் பேனாவால்தான் எழுத வேண்டும், அதனால் ஓட்டிப் பார்த்த ஒவ்வொரு நிரலையும் கொப்பியில் ஒருமுறை கையால் எழுது.

கடற்கரைப் பக்கத்து ஜன்னலோரம் வைக்காதே, உப்புக்காற்று போர்ட்டுகளைத் துருப்பிடிக்க வைத்துவிடும். எதையாவது பிடித்துப்போனால் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரையும் பெட்டரி அறிக்கையையும் போட்டோ எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பு. காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி அனுப்பு.

வஸ்ஸலாம்,
மாமா