வெளிக்குத் திசை உண்டோ?

இயற்கை விதிகள் திசை பாராட்டுவதில்லை. கிழக்கு நோக்கி வைத்த கருவிக்கு ஒரு விதியும் தெற்கு நோக்கி வைத்த கருவிக்கு வேறொரு விதியும் இல்லை. அவ்வாறே, நிலத்தில் நின்று செய்த பரிசோதனையும், மாறா வேகத்தில் நேராகச் செல்லும் புகைவண்டியினுள் செய்த பரிசோதனையும் ஒரே விதிகளுக்கே அடங்கும். இவ்விரு பண்புகளையும் ஒருங்கே லொரென்ஸ் சமச்சீர் என்பர். ஒல்லாந்து நாட்டு அறிஞர் லொரென்ஸ் 1904 இல் வகுத்த சமன்பாடுகளின் உட்பொருளை 1905 இல் ஐன்ஸ்ரைன் தமது சார்புக் கொள்கையால் விளக்கினார். இன்றைய பௌதிகவியல் என்னும் மாளிகைக்கு இச்சமச்சீரே அத்திவாரம். அவ்வத்திவாரத்தைத் தட்டிப் பார்த்தல் தகுமோ எனின், தகும் என்பதே எமது துணிபு. அதன் காரணத்தை முதற்கண் நோக்குவாம்.

ஒரு விதி சமச்சீருடையதாயினும், அதனால் விளையும் நிலையும் சமச்சீருடையதாய் இருத்தல் வேண்டும் என்னும் நியதி இல்லை. இரும்பை எடுத்துக்கொள்வோம். ஏறக்குறைய 770 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பநிலையில் அதன் அணுக்காந்தங்கள் திசைக்கொன்றாய் நிற்கும். எத்திசைக்கும் முதன்மை இல்லை. அதற்குக் கீழே குளிர்ந்ததும், அயலயலே உள்ள அணுக்காந்தங்கள் ஒரே திசையில் அணிவகுக்கின்றன. எத்திசையில் என்று அணுக்களிடை நிகழும் விசையின் விதி கட்டளையிடவில்லை. ஆயினும் ஏதேனும் ஒரு திசை அமைந்தே தீரும். இதனையே சமச்சீர் தானே குலைதல் என்கின்றோம். குலைந்தது நிலை, விதியன்று.

யப்பானிற் பிறந்து அமெரிக்காவிற் பணியாற்றிய நம்பு என்னும் அறிஞர், மின்தடையின்றி மின்னைக் கடத்தும் பொருள்களின் ஆராய்ச்சியிற் கண்ட இக்கருத்தை, 1960 ஆம் ஆண்டளவில் அடிப்படைத் துணிக்கைகளுக்கும் ஏற்றினார். வெற்றுவெளியெங்கும் ஒரு புலம் நிறைந்திருப்பின் சில துணிக்கைகள் அதனால் திணிவு பெறலாம் என்று 1964 இல் பிரவுட், எங்லேர், ஹிக்ஸ் ஆகியோர் காட்டினர். அப்புலத்துக்குரிய துணிக்கை கண்டறியப்பட்டதை ஜெனீவா நகரின் அருகிலுள்ள சேர்ண் ஆய்வுகூடம் 2012 யூலை 4 ஆம் நாள் அறிவித்தது.

ஹிக்ஸ் புலத்துக்கு அளவு உண்டு, திசை இல்லை. ஆதலின் அது லொரென்ஸ் சமச்சீரைத் தீண்டுவதில்லை. ஆயின், திசையுடைய வேறொரு புலமும் இவ்வாறே வெளியெங்கும் நிறைந்திருப்பின் யாதாகும்? இரும்பினுள் அமைந்த திசைபோல வெளிக்கும் ஒரு திசை வாய்த்துவிடும். இழைக்கொள்கையில் இதற்கு இடமுண்டு என்று 1989 இல் கொஸ்தெலெக்கி, சாமுவேல் என்னும் இருவர் எடுத்துக்காட்டினர். எனவே இவ்வினாவைத் தருக்கத்தால் மட்டும் தீர்த்தல் இயலாது. பரிசோதனையே தீர்ப்புக் கூறவேண்டும்.

பரிசோதனை செய்யும் முறை யாது? கருவியைத் திருப்பிப் பார்த்தலே. 1887 இல் மைக்கல்சன், மோர்லி என்போர், ஈதர் என்னும் ஊடகத்தைத் தேடி, இரசத்தில் மிதந்த கற்பலகை மேல் கருவியை வைத்துச் சுழற்றினர். திசைக்குத் திசை ஒளியின் வேகம் மாறுபடும் என எதிர்பார்த்தனர், அம்மாறுபாட்டைக் கண்டாரில்லை. பின்னர், 1960 ஆம் ஆண்டை அடுத்து, அமெரிக்காவில் ஹியூசும் அவர்தம் குழுவினரும், ஸ்கொத்லாந்தில் திறேவரும் இலிதியம் அணுவின் கருவைச் சோதித்தனர். திறேவர் பெரிய ஆய்வுகூடத்தை நாடவில்லை. தம் வீட்டுத் தோட்டத்தில், பூமியின் காந்தப்புலத்தையே துணைக்கொண்டார். கருவியைச் சுழற்றும் வேலையைப் பூமியே செய்தது. ஒரு நாள் முழுவதும் நோக்கியும் திசையால் விளையும் வேறுபாடு தென்படவில்லை.

ஈண்டு மாணவர் ஓர் ஐயம் எழுப்பலாம். பகலில் வெப்பமும் இரவிற் குளிரும் கருவியைத் தாக்குமே. அதனால் விளையும் மாற்றத்தை வெளியின் திசையால் விளைந்ததென மயங்கோமோ? மயங்காதிருக்க வழியுண்டு. ஞாயிற்றை நோக்கிய நாள் 24 மணி. விண்மீன்களை நோக்கிய நாளோ ஏறத்தாழ 23 மணி 56 நிமிடம். வெப்பத்தால் வரும் மாற்றம் முன்னதைப் பின்பற்றும்; வெளியின் திசையால் வரும் மாற்றம் பின்னதைப் பின்பற்றும். நாள்தோறும் 4 நிமிடம் பிந்தும் இவ்வேறுபாடு, ஆறு திங்களில் 12 மணியாகப் பெருகிவிடும். ஆதலின், பல திங்கள் பொறுமையோடு அளப்பவர்க்கு இரண்டும் தாமே பிரிந்து தோன்றும்.

2009 இல் பேர்ளின் நகரில் ஒளி ஒத்ததிர்வுக் கருவிகளைச் சுழற்றிச் செய்த பரிசோதனையில், ஒளிவேகம் ஆயிரம் கோடி கோடியில் ஒரு பங்கு என்னும் நுட்பத்திற் சோதிக்கப்பட்டது. அப்போதும் திசை வேறுபாடு காணப்படவில்லை.

காணவில்லை என்பதைத் தோல்வியெனக் கொள்ளற்க. வெளியில் அத்தகைய புலம் உண்டெனினும் அது எத்துணைச் சிறிதாய் இருத்தல் வேண்டும் என்பதை ஒவ்வொரு பரிசோதனையும் வரையறுக்கின்றது. ஐன்ஸ்ரைன் கூறினார் என்பதற்காக நாம் இச்சமச்சீரை ஏற்கவில்லை. நூறாண்டுக்கு மேலாகத் தட்டித் தட்டிப் பார்த்தும் அது அசையவில்லை என்பதனாலேயே ஏற்கின்றோம். நாளை ஒரு மாணவன் இன்னும் நுண்ணிய கருவியோடு தட்டிப் பார்ப்பானாயின், அவனைத் தடுத்தல் அறிவியலுக்கு அழகன்று. அவனுக்குக் கருவி செய்து கொடுத்தலே அழகு.