‘டல்லா இருக்கான்’னு விட்டுடாதீங்க!

காலை எட்டு மணிக்கு தாம்பரம் ரயில் நிலைய மேம்பாலத்தில் நின்று பாருங்கள். முதுகில் பை, காதில் ஹெட்போன், கல்லூரிக்கு ஓடும் பையன்கள். இவர்களில் யார் உள்ளுக்குள் உடைந்திருக்கிறான் என்பது நடையில் தெரியாது. பையன்கள் பெரும்பாலும் அழ மாட்டார்கள். எரிந்து விழுவான், குடிக்கத் தொடங்குவான், வகுப்பை கட் அடிப்பான். நாமும் “திமிர் பிடிச்சவன்” என்று சொல்லிவிடுகிறோம்.

சுபாவம் வேறு, நோய் வேறு. அதிகம் பேசாதவன் நோயாளி இல்லை. சின்ன விஷயத்துக்கும் பதறுகிற, நடந்ததையே நினைத்துக் குமைகிற சுபாவக்காரர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். அவ்வளவுதான், அது தலையெழுத்து இல்லை. பார்க்க வேண்டியது மாற்றத்தை. கிரிக்கெட் பைத்தியமாக இருந்தவன் மட்டையைத் தொடுவதில்லை, தூக்கமும் பசியும் மாறிவிட்டன, “நான் எதுக்கும் லாயக்கில்லை” என்கிறான். தினமும் இப்படி இரண்டு வாரம் நீடித்தால் டாக்டரைப் பார்த்தே ஆகவேண்டும். அரியர் பேப்பர் பற்றிய பேச்சைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

“சாகணும்னு தோணுதாப்பா?” என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. “ஆமா” என்றால் தனியே விடாதீர்கள். அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.

போன் செய்ய 14416. ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் தமிழக அரசு 2022 டிசம்பரில் தொடங்கிய மனநல சேவை இது. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். பையன் பேச மறுத்தால் அப்பாவோ அம்மாவோ கூப்பிட்டு யோசனை கேட்கலாம். 104-லும் ஆலோசனை உண்டு. நேரில் போக, செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. தாம்பரத்திலிருந்து லோக்கல் ட்ரெயினிலேயே போய்விடலாம். இன்னொன்று, கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம். அந்தப் பெயரைக் கேட்டதும் வீட்டில் முகம் சுளிப்பார்கள்; பொருட்படுத்தாதீர்கள்.

“காலேஜுக்குத் தெரிஞ்சுடுமே” என்ற பயம் நிறையப் பேருக்கு. 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி, சிகிச்சை விவரம் ரகசியமாக இருப்பது நோயாளியின் உரிமை.

மாத்திரை கொடுத்தால் பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரமாவது ஆகும். “ஒண்ணும் கேக்கலை” என்று முதல் வாரத்திலேயே நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. நீங்களாக நிறுத்தாதீர்கள். அடுத்த முறை போகும்போது பழைய சீட்டையும் மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள்.